பயணிகளின் கனிவான கவனத்திற்கு...

முதல்லயே சொல்லிடறேன். இது பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு. மத்தவங்களும் தாராளமா படிக்கலாம், முடிஞ்ச வரைக்கும் புரியற மாதிரி எழுதப் பாக்கறேன். பாதியில கொட்டாவி வந்தா நிர்வாகம் பொறுப்பல்ல :)

விஷயம் இதுதான். இப்பல்லாம் யாராவது ஒரு சின்ன அப்ளிகேஷன் எழுதறாங்கன்னு வைங்க. நாலு ஸ்கிரீன், ஒரு டேட்டாபேஸ், ரெண்டே ரெண்டு டெவலப்பர். அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனா கோடைத் திறந்து பாத்தா நட்டநடுவுல ஒரு ஈவென்ட் பஸ் ஓடிக்கிட்டு இருக்கும். ஒரு கம்பொனெண்ட் இன்னொண்ணுகிட்ட நேரா பேசவே பேசாது. எல்லாரும் பஸ்ஸுக்குள்ள ஒரு சேதியைத் தூக்கிப் போடுவாங்க. வேணுங்கறவங்க எடுத்துப்பாங்க. ஏன்யா இப்படின்னு கேட்டா ஒரே பதில்தான் வரும்: "லூஸ் கப்ளிங்!"

சின்ன அப்ளிகேஷன்ல இது பெரும்பாலும் தேவையில்லாத ஆணி. தேவையில்லாதது மட்டும் இல்ல, ஆபத்தானதும் கூட. இதுதான் என் கட்சி. ஏன்னு விளக்கறேன்.

ஈவென்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவோம். அங்க ரெண்டு விதமான பேச்சு நடக்குது. ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சு, வண்டி எத்தனாவது பிளாட்பாரத்துக்கு வருதுன்னு மைக்ல சொல்றது. அந்த நேரத்துல பிளாட்பாரத்துல 500 பேர் இருக்கலாம், ஒரே ஒரு நாய் மட்டும் படுத்திருக்கலாம். மைக்குக்கு அதைப் பத்திக் கவலையே இல்ல. யார் கேட்டாங்க, யார் கேக்கலைங்கறது அதோட பொறுப்பு கிடையாது.

இன்னொரு பேச்சு பயணிகள் காதுல விழாதது. ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு லைன் கிளியர் கேப்பார். அந்தப் பக்கத்துல இருந்து "கிளியர்"னு பதில் வந்தாத்தான் இங்கிருந்து வண்டி கிளம்பும். பதில் வரலையா, வண்டி அங்கேயே நிக்கும். இங்க யார் கேக்கறாங்க, யார் பதில் சொல்றாங்க, எப்பச் சொன்னாங்கன்னு எல்லாமே முக்கியம்.

முதலாவது ஈவென்ட். ரெண்டாவது சாதாரண ஃபங்ஷன் கால். ரெண்டுமே ஒரு ஸ்டேஷனுக்கு வேணும். லைன் கிளியரையும் மைக்லயே கேட்டுக்கலாம்னு ஒருத்தர் சொன்னா அந்த வண்டியில நீங்க ஏறுவீங்களா? நான் பஸ்ல போயிடுவேன். (ஈவென்ட் பஸ்ல இல்ல!)

ஈவென்ட் முறையே தப்புன்னு நான் சொல்ல வரல. அது பழுத்த அனுபவசாலி. 1970களோட கடைசியில ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துல ஸ்மால்டாக் ஆளுங்க மாடல், வியூ, கண்ட்ரோலர்னு பிரிச்சப்பவே இந்தத் தேவை வந்துடுச்சு. மாடல்ல ஒரு எண் மாறினா அதைக் காட்டற எல்லா வியூவும் மாறணும். ஆனா எத்தனை வியூ இருக்குன்னு மாடலுக்குத் தெரியக் கூடாது. 1994ல காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் நாலு பேரும் எழுதின டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்துல இதுக்கு அப்சர்வர்னு ஒரு அத்தியாயமே ஒதுக்கினாங்க. நம்ம காலேஜ்ல எல்லாரும் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினதுதான். ஆனா அதே அத்தியாயத்துல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. கேக்கறவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, அதனால ஒரு சின்ன மாற்றம் யாரும் எதிர்பாக்காத தொடர் விளைவுகளைக் கிளப்பிடலாம், அது எங்கிருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்கறதும் கஷ்டம்னு சொல்லிருக்காங்க. அந்தப் பத்தி மட்டும் நம்ம பரீட்சையில வரவே இல்ல.

சரி, இது வெறும் டிசைன் ரசனை சம்பந்தப்பட்ட சண்டையா? இல்ல. நான் நேர்ல பாத்த ஒரு கேஸ் சொல்றேன்.

தெற்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு மெடிக்கல் ஷாப். என் நண்பனோட நண்பன் ஒருத்தன் அவங்களுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தான். கெட்டிக்காரன்தான், கோடு பாக்க அழகா இருந்துச்சு. கல்யாணமாகி வெளிநாடு போயிட்டான். கடைக்கார அண்ணாச்சி நண்பன் மூலமா என்னைப் பிடிச்சார். பிரச்சினையை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

"தம்பி, ஃபிரிட்ஜ்ல மருந்து கெடக்கு. கம்ப்யூட்டர் இல்லைங்குது. நான் எத நம்ப?"

ஸ்டாக் பூஜ்யம்னா அந்த மென்பொருள் பில் போட விடாது. கவுண்டர்ல இருக்கற பையன் ஸ்கிரீனைப் பாத்து "இல்ல"ன்னு சொல்லிடுவான். ஒருநாள் சாயங்காலம் ஒரு பெரியவர் இன்சுலின் கேட்டு வந்திருக்கார். இல்லைன்னு அனுப்பிட்டாங்க. ராத்திரி கடை மூடறப்போ பாத்தா ஃபிரிட்ஜ்ல மூணு பாட்டில் இருக்கு. அண்ணாச்சி அன்னைக்கே பைக்கை எடுத்துக்கிட்டு அவர் வீட்டைத் தேடிப் போய்க் கொடுத்துட்டு வந்திருக்கார். அதுக்கப்புறம்தான் எனக்கு போன்.

என்ன நடந்துச்சுன்னா, பில் ஸ்கிரீனுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்டாக் பேனல். பில் போட்டதும் "பில் முடிந்தது"ன்னு பஸ்ஸுக்கு ஒரு ஈவென்ட் போகும். ஸ்டாக் பேனல் அதைக் கேட்டு, வித்த மருந்தைக் கழிச்சு, புது எண்ணிக்கையைக் காட்டும். பில் ஸ்கிரீனைத் திறக்கும்போதெல்லாம் ஒரு புது பேனல் உருவாகி பஸ்ல தன் பேரைப் பதிஞ்சுக்கும். மூடும்போது பேரை எடுக்கற வரி மட்டும் இல்ல. ஸ்கிரீன் கண்ணுல இருந்து மறைஞ்சாலும் பழைய பேனல் சாகல. பஸ் அதைக் கையில பிடிச்சு வச்சிருக்கு. ரெண்டாவது தடவை திறந்தா ரெண்டு பேனல் கேக்குது. ஒரு பாட்டில் வித்தா ரெண்டு கழியுது. மூணாவது தடவை திறந்தா மூணு.

இந்த வியாதி நம்ம தொழில்ல ரொம்பப் பிரபலம். லிசனரைப் பதிஞ்சுட்டு எடுக்க மறக்கறது. நோட் ஜேஎஸ்ல ஒரே ஈவென்ட்டுக்கு 10 லிசனருக்கு மேல பதிஞ்சா எச்சரிக்கை வருமே, இப்படிப்பட்ட கசிவைக் காட்டிக் கொடுக்கத்தான் அதை வச்சிருக்காங்க. ஆனா இங்க 10 வரைக்கும் போகவே இல்லையே! ரெண்டு, மூணு போதும், கணக்கு நாறிடும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு ராத்திரி ஆச்சு. காலையில கம்ப்யூட்டரைப் போட்டா எல்லாம் சரியா இருக்கும். மதியம் பையன் சாப்பிடப் போகும்போது ஸ்கிரீனை மூடுவான், வந்து திறப்பான். அதுக்கப்புறம்தான் கணக்கு தப்பும். ராத்திரி ஆஃப் பண்ணிட்டா மறுநாள் மறுபடியும் ஒழுங்குப் பிள்ளை. ஸ்டாக்கைக் கழிக்கற ஃபங்ஷனை யார் கூப்பிடறாங்கன்னு கோடுல தேடினா ஒருத்தரும் கூப்பிடல. பிரேக்பாயிண்ட் போட்டு கால் ஸ்டாக்கைப் பாத்தா நடுவுல பஸ்ஸோட சொந்த வரிகள்தான் நிறைய. அதே வரி ஒரு பில்லுக்கு ரெண்டு தடவை நிக்குது, ரெண்டு தடவையும் பாக்க ஒரே மாதிரி இருக்கு.

"எடுக்க மறந்த ஒரு வரிக்கு பஸ்ஸைக் குறை சொல்றியே"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஒரு வரியை நான் எழுதிட்டு வந்திருந்தா அண்ணாச்சிக்கு அன்னைக்கே நிம்மதிதான். ஆனா அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. ஸ்டாக்கைக் கழிக்கறதை எதுக்கு மைக்ல அறிவிக்கணும்? பில் போட்டா ஸ்டாக் கழிஞ்சே ஆகணும். யாராவது கேட்டா கழிப்பாங்க, கேக்கலைன்னா பரவால்லைங்கற வேலையா அது? அது லைன் கிளியர் வேலை. அதுக்குப் பதில் வேணும்.

மார்ட்டின் ஃபௌலர் 2017ல ஈவென்ட் முறையோட வகைகளைப் பிரிச்சு ஒரு கட்டுரை எழுதினார். அதுல ஒரு பொறியைச் சரியாப் புடிச்சிருந்தார். அனுப்பறவர் மனசுல எதிராளி இந்த வேலையைச் செஞ்சே ஆகணும்னு இருக்கு. ஆனா வெளியில சும்மா தகவல் சொல்ற மாதிரி ஈவென்ட்டா அனுப்பறார். நம்ம வீட்டுல இது தினமும் நடக்குதே! "குப்பைத் தொட்டி நிரம்பிடுச்சு"ன்னு பொதுவா ஒரு குரல் வரும். அது தகவலா, கட்டளையா? ஹாலுக்குள்ள உக்காந்திருக்கற எல்லாருக்கும் பதில் தெரியும், யாரும் எழுந்திருக்க மாட்டாங்க :)

தமிழ் இலக்கணத்துல இதுக்கு அழகான வித்தியாசம் இருக்கு. "ஸ்டாக்கைக் கழி" ஏவல். "பில் முடிந்தது" இறந்தகால வினைமுற்று. ஏவல்ல எதிர்ல ஒருத்தர் இருந்தே ஆகணும். இறந்தகாலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்ல, நடந்தது நடந்துடுச்சு, அவ்வளவுதான். ஏவலுக்கு இறந்தகால வேஷம் போட்டு பஸ்ல ஏத்தறதுதான் பிரச்சினையோட வேர்.

அடுத்து இந்த லூஸ் கப்ளிங். பில் போட்டதும் ஸ்டாக் கழியணும், கணக்குல ஏறணும், அதுக்கப்புறம் பிரிண்ட் ஆகணும். இது கடையோட விதி. பஸ் போட்டதால இந்த உறவு அறுந்து போயிடுச்சா? இல்ல. அப்படியேதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். நோட் ஜேஎஸ் மாதிரி இடத்துல லிசனர்கள் பதிஞ்ச வரிசையிலதான் கூப்பிடப்படும். ஆக எந்த ஃபைல் முதல்ல லோடு ஆகுதோ அதுதான் உங்க கடையோட விதியைத் தீர்மானிக்குது. யாரோ ஒரு புண்ணியவான் இம்போர்ட் வரிகளை அகரவரிசைப்படி அழகா அடுக்கினா, ஸ்டாக் கழியறதுக்கு முன்னாடியே பில் பிரிண்ட் ஆகும். கம்பைலர் வாயே திறக்காது.

ஈவென்ட் பேர்ல ஒரு எழுத்து மாறிட்டா? ஃபங்ஷன் பேரைத் தப்பா எழுதினா கம்பைலரோ, ஓடும்போதோ கத்தும். ஈவென்ட்டைச் சும்மா ஒரு சரமா எழுதியிருந்தா, கேக்க ஆள் இல்லாத அறிவிப்பு மாதிரி காத்துல போயிடும். லிசனருக்குள்ள எக்ஸெப்ஷன் வந்தா? கூகுளோட குவாவா நூலகத்துல இருக்கற ஈவென்ட் பஸ், சும்மா விட்டா, அதை லாக்ல எழுதிட்டு மேல போயிடும். அனுப்பினவருக்குத் தெரியவே தெரியாது. பில்லையும் ஸ்டாக்கையும் ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல வச்சு, ஒண்ணு தோத்தா ரெண்டையும் ரத்து பண்ணணும்னா, சேதி தெரியாத அந்த அனுப்பினவர் எப்படி ரத்து பண்ணுவார்?

இதெல்லாம் என்னோட புலம்பல் மட்டும் இல்ல. இந்த வழியில போனவங்க பல பேர் திரும்பி வந்துட்டாங்க. ஆண்ட்ராய்டுல ஒரு காலத்துல ஸ்கொயர் நிறுவனத்தோட ஓட்டோன்னு ஒரு ஈவென்ட் பஸ் பிரபலம். அதை அவங்களே ஓய்வு கொடுத்து அனுப்பிட்டு ஆர்எக்ஸ்ஜாவா பக்கம் போகச் சொல்லிட்டாங்க. ஆண்ட்ராய்டோட லோக்கல் பிராட்காஸ்ட் மேனேஜரை 2018ல ஓரங்கட்டினாங்க. அதுக்குச் சொன்ன காரணமே, இது அப்ளிகேஷன் முழுக்க ஓடற ஈவென்ட் பஸ், யார் வேணா யார் பேசறதை வேணா கேக்கலாம், அடுக்குகளை மீற இது வழி பண்ணிக் கொடுக்குதுங்கறதுதான். 2020ல வந்த வ்யூ 3ல, பலரும் பஸ் மாதிரி பயன்படுத்திக்கிட்டு இருந்த ஆன், ஆஃப் வசதிகளையே எடுத்துட்டாங்க. பொது பஸ் ஆரம்பத்துல சுலபமாத் தெரியும், போகப் போகப் பராமரிக்கத் தலைவலின்னு அவங்க வழிகாட்டியிலயே இருக்கு. குவாவா இன்னும் ஒரு படி மேல. தன்னோட ஈவென்ட் பஸ்ஸோட விளக்கத்துலயே, இதைப் பயன்படுத்தாதீங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. அனுப்பறவருக்கும் கேக்கறவருக்கும் உள்ள தொடர்பைத் தேடிப் பிடிக்கறது கஷ்டம்ங்கறது அவங்க சொல்ற காரணங்கள்ல ஒண்ணு. கடைக்காரரே "இந்த அல்வா வேணாம் சார்"னு சொன்னா வாங்குவோமா?

எதிர்த்தரப்பு வாதங்களையும் பாத்துடுவோம்.

"நாளைக்கு அப்ளிகேஷன் பெருசாகும், காஃப்கா போடுவோம், இப்பவே ஈவென்ட்டா எழுதினா அப்ப சுலபம்." காஃப்கா வேற ஜாதிக் குதிரை. லிங்க்டுஇன்ல உருவாகி 2011ல ஓப்பன் சோர்ஸா வெளிவந்தது. அது சேதியை டிஸ்க்ல எழுதி வைக்கும், கேக்கறவர் விழுந்து எழுந்து வந்தாலும் விட்ட இடத்துல இருந்து படிக்கலாம். உங்க ப்ராசஸுக்குள்ள இருக்கற 40 வரி பஸ் இதுல எதையும் தராது. கரண்ட் போனா சேதியும் போச்சு. காஃப்காவோட தலைவலியை மட்டும் கடன் வாங்கி, அதோட பலனை வாங்காம விடறோம்.

"டெஸ்ட் எழுத சுலபம்." நேரா கூப்பிடறதையும் டெஸ்ட் பண்ணலாம். வேணுங்கற கம்பொனெண்ட்டை கன்ஸ்ட்ரக்டர்ல வெளியில இருந்து கொடுங்க. டெஸ்ட்ல ஒரு பொம்மையைக் கொடுங்க. முடிஞ்சது. யார் யாரை நம்பி இருக்காங்கன்னு கன்ஸ்ட்ரக்டர் வரியைப் பாத்தாலே தெரியும்.

"ப்ளக்-இன் வைக்கணும்." இது நல்ல வாதம். யார் வந்து சேருவாங்கன்னே தெரியாத இடத்துல ஈவென்ட்தான் சரி. பிரௌசர்ல பட்டனை அழுத்தினா என்ன நடக்கணும்னு பிரௌசர் எழுதினவருக்கு எப்படித் தெரியும்? ஆனா ரெண்டு பேர் உக்காந்து எழுதற பில்லிங் மென்பொருள்ல யார் வருவாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமே!

எங்க ஈவென்ட், எங்க கால்னு முடிவு பண்ண நான் மூணு கேள்வி வச்சிருக்கேன்.

ஒண்ணு, இந்த ஈவென்ட்டை யாருமே கேக்கலைன்னாலும் வேலை சரியா முடிஞ்சதா அர்த்தமா? ஆமான்னா ஈவென்ட். இல்லைன்னா கால்.

ரெண்டு, எனக்குப் பதில் வேணுமா? ஆச்சா, தோத்துச்சா, எவ்வளவுன்னு ஏதாவது தெரியணுமா? வேணும்னா கால்.

மூணு, ரெண்டு லிசனர் இருந்தா எது முதல்லங்கறது முக்கியமா? முக்கியம்னா ரெண்டையும் வரிசையா ஒரே ஃபங்ஷன்ல எழுதிடுங்க.

இந்த மூணையும் தாண்டி வர்ற ஈவென்ட்டுக்கும் சில கட்டுப்பாடு உண்டு. பேர் இறந்தகாலத்துலதான் இருக்கணும். யார் யார் கேக்கறாங்கங்கறது ஒரே ஃபைல்ல பட்டியலா இருக்கணும். திறக்கும்போது பதிஞ்சா மூடும்போது எடுக்கணும், ரெண்டு வரியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கணும். ஒரு ஈவென்ட்டைக் கேட்டவர் அதுக்குள்ளயே இன்னொரு ஈவென்ட்டைக் கிளப்பக் கூடாது. வதந்தி அப்படித்தான் பரவும்.

அண்ணாச்சி கடை மென்பொருளை இப்படித்தான் மாத்தினேன். மொத்தம் 23 ஈவென்ட் இருந்துச்சு. மூணு கேள்வியையும் கேட்டதுல ரெண்டு மட்டும் தேறுச்சு. "ஸ்டாக் மாறியது", அதைக் கேட்டு பேனல் தன்னைப் புதுப்பிச்சுக்கும். "ஸ்டாக் குறைந்தது", அதைக் கேட்டு மூலையில ஒரு சிவப்புப் புள்ளி வரும். ரெண்டையும் யாரும் கேக்கலைன்னாலும் கடைக் கணக்குல ஒரு பைசா மாறாது. பேனல் நூறு தடவை பதிஞ்சாலும் அதே எண்ணை நூறு தடவை காட்டும், அவ்வளவுதான். மீதி எல்லாம் "பில்லை முடி"ன்னு ஒரு ஃபங்ஷன். அதுக்குள்ள நாலு வரி: பில்லைச் சேமி, ஸ்டாக்கைக் கழி, கணக்குல ஏத்து, பிரிண்ட் பண்ணு. முதல் மூணும் ஒரே டிரான்ஸாக்‌ஷன். பாக்க எல்கேஜி பையன் எழுதின மாதிரி இருக்கும். இண்டர்வியூல காட்டினா வேலை கிடைக்காது. ஆனா அண்ணாச்சி கடைக்கு நாளைக்கு வேற ஒரு பையன் கோடு பாக்க வந்தா, பில் போட்டா என்ன நடக்கும்ங்கற கேள்விக்கு பதில் அந்த நாலு வரியில இருக்கும்.

நாம எழுதற கோடை நம்ம மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது, எல்லாம் தலையில ஓடிக்கிட்டு இருக்கும்போது எழுதறோம். அதைத் திருத்தப் போறவர், நம்மைப் பாத்தே இருக்காதவர், ராத்திரி 11 மணிக்கு போன்ல ஒருத்தர் கத்திக்கிட்டு இருக்கும்போது படிப்பார். சின்ன அப்ளிகேஷனோட ஒரே பெரிய சொத்து, அதை முழுசா ஒருத்தர் படிச்சுப் புரிஞ்சுக்க முடியும்ங்கறதுதான். பஸ் போட்டு முதல்ல வித்துடறது அந்தச் சொத்தைத்தான்.

உங்க ப்ராஜெக்ட்ல எத்தனை ஈவென்ட் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. அதுல எத்தனை நெஜமாவே அறிவிப்பு, எத்தனை வேஷம் போட்ட ஏவல்னு பிரிச்சுப் பாருங்க. வேற கருத்து இருந்தா தாராளமா சண்டைக்கு வாங்க. ஆனா தயவு செஞ்சு மைக்ல அறிவிக்காம, நேரா கூப்பிட்டுச் சொல்லுங்க :)

வர்ட்டா?